ஆவாரையை விதையிலிருந்து வளர்ப்பது எப்படி: கொல்லைக்கும் மானாவாரி நிலத்துக்கும் ஒரு வழிகாட்டி

சாலையோரத்திலும் கண்மாய்க் கரையிலும் யாரும் நடாமலே பூத்துக் கிடக்கும் ஆவாரையை வளர்ப்பதற்கு ஒரு வழிகாட்டி தேவையா என்று கேட்பவர்கள், அதை ஒருமுறை விதைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். விதைக் கடையில் அது கிடைப்பதில்லை. நாற்றுப் பண்ணையில் கேட்டால் வேறொரு மஞ்சள் பூச்செடியை எடுத்துத் தருகிறார்கள். காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடி சில நாட்களில் வாடிவிடுகிறது. கைநிறைய விதையைத் தூவிவிட்டு மழைக்காலம் முழுவதும் காத்திருந்தாலும் முளைத்து வருவது விரல்விட்டு எண்ணும் அளவுதான். நான் அலைந்து திரிந்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டின் சமவெளியில், வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டங்களில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது இது. மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு இதன் காலக் கணக்கு பொருந்தாது.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேனீக்களுக்குத் தேன் கிடைக்கும் என்று எண்ணி ஆவாரையை நடுகிறீர்கள் என்றால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனெனில் ஆவாரம்பூவில் தேன் சுரப்பதில்லை. அது பூச்சிகளுக்குத் தருவது மகரந்தத்தை. பட்டாம்பூச்சிகளுக்குத் தருவது தன் இலையை. இந்த இரண்டையும் புரிந்துகொண்டு நட்டால், எங்கே நடுவது, எதைத் தெளிக்கக் கூடாது, பக்கத்தில் எதை வளர்ப்பது என்பவை தாமாகவே தெளிவாகிவிடும்.

1. செடியைச் சரியாக அடையாளம் காணுங்கள்

தாவரவியலில் சென்னா ஆரிக்குலேட்டா என்று குறிக்கப்படும் செடிதான் நாம் தேடுவது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலோ கீழோ வளரும் புதர். கூட்டிலையில் பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு இணைச் சிற்றிலைகள் இருக்கும். சிற்றிலையின் நுனி மழுங்கியிருக்கும். இவற்றையெல்லாம் விட உறுதியான அடையாளம், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடலைப் போல அகன்று நிற்கும் பச்சை இலையடிச் செதில்தான். பூ இல்லாத காலத்திலும் அதைப் பார்த்துச் செடியை உறுதிசெய்துவிடலாம். சிற்றிலைகளின் ஒவ்வோர் இணைக்கும் நடுவில் சிறு முளைபோல ஒரு சுரப்பியும் நிற்கும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

குழப்பம் தருபவை பல. பேயாவாரையின் சிற்றிலைகள் கூர்நுனி கொண்டவை, எண்ணிக்கையிலும் குறைவு, கசக்கினால் நாறும். தகரைக்கு மூன்று இணைச் சிற்றிலைகளே இருக்கும். அதன் காய் ஊசிபோல் மெலிந்து நீண்டிருக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் மருந்துக்காகப் பயிரிடப்படும் நிலாவாரைக்குக் காய் தட்டையாகவே இருந்தாலும் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும்; நாட்டு மருந்துக் கடையில் ஆவாரை விதை என்று கேட்டால் இதை எடுத்துத் தருவது உண்டு. மஞ்சக்கொன்றை மரமாகவே வளர்ந்துவிடும். நாற்றுப் பண்ணைகளில் நீங்கள் அதிகம் சந்திக்கப் போவது டெக்கோமா என்னும் அயல்நாட்டுச் செடி. அதன் பூ மணி வடிவக் குழலாகவும் இலை ஓரம் ரம்பப் பல்லாகவும் இருப்பதால் கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற மரத்திடம். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, பிற செடிகளை ஒடுக்கி, இப்போது வனத்துறை வேரோடு அகற்றிக்கொண்டிருக்கும் அயல் மரம் அது. ‘மஞ்சள் பூ, சீக்கிரம் வளரும்’ என்று யாராவது கன்று கொடுத்தால், இலையடியில் காது மடல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

2. நிலத்தின் ஆவணத்தைப் பாருங்கள்

உங்கள் பெயரில் பட்டா உள்ள நிலத்திலோ வீட்டுக் கொல்லையிலோ ஆவாரை வளர்க்க எந்த அனுமதியும் தேவையில்லை. சிக்கல் வருவது ஊர்ப் பொது இடத்தில், பள்ளி வளாகத்தில், ஓடைக்கரையில், சாலையோரத்தில் நட விரும்பும்போதுதான். முதலில் அந்த இடத்தின் புல எண்ணைத் தெரிந்துகொண்டு, தமிழ்நாடு அரசின் நிலப் பதிவுகளுக்கான இணையச் சேவையில் அ-பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அங்கே அந்த நிலம் எந்த வகைப் புறம்போக்கு என்று எழுதியிருக்கும். எல்லையில் ஐயம் இருந்தால் புலப்படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இவற்றை வீட்டிலிருந்தபடியே பார்த்துவிடலாம். இணையம் பழக்கமில்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

நத்தம், மந்தை போன்ற இடமானால் ஊராட்சியிடமும், நீர்நிலைப் புறம்போக்கானால் அந்த ஏரி அல்லது கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறதோ அந்தத் துறையிடமும், சாலையோரமானால் நெடுஞ்சாலைத் துறையிடமோ ஊராட்சி ஒன்றியத்திடமோ எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். விண்ணப்பத்தில் புல எண், நடப்போகும் நீளம், செடியின் பெயர், யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது ஆகிய நான்கும் இருந்தால் போதும். இரண்டு படிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் முத்திரையுடன் ஒப்புகை வாங்கிக்கொள்வது மிக முக்கியம். ‘தாராளமாக நடுங்கள்’ என்ற வாய்மொழி அனுமதியை நம்பி வேலையைத் தொடங்கினால், அடுத்த ஆண்டு புதர் அகற்ற வரும் இயந்திரம் சீமைக் கருவேலத்தோடு சேர்த்து ஆவாரையையும் வழித்துப் போட்டுவிடும். அப்போது காட்டுவதற்கு உங்கள் கையில் ஒரு தாளும் இருக்காது. நாங்கள் வளர்த்த ஒரு வரிசை இப்படித்தான் போயிற்று. அனுமதி கைக்கு வரச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம் என்பதால், ஐப்பசியில் நட விரும்புகிறவர்கள் வைகாசி, ஆனியிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

விதை சேகரிப்பதிலும் சட்டம் உண்டு. காப்புக்காட்டுக்குள் நுழைந்து விதையோ செடியோ எடுப்பது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ‘வெறும் ஆவாரைதானே’ என்ற வாதம் அங்கே எடுபடாது. காட்டுக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. தெரிந்தவரின் தரிசு நிலத்தில் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.

3. விதையைத் தையிலிருந்து பங்குனிக்குள் சேகரியுங்கள்

ஆவாரை ஏறத்தாழ ஆண்டு முழுவதும் ஆங்காங்கே பூத்தாலும், வடகிழக்கு மழைக்குப் பின் வரும் பூப்புதான் அடர்த்தியானது. அந்தப் பூக்களிலிருந்து வரும் காய்கள் தை முதல் பங்குனி வரை முற்றும். தட்டையான, காகிதம்போல் மெல்லிய, வெளிர்பழுப்புக் காய்கள். ஒரு சாண் நீளத்தில் பாதி இருக்கும். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு முதல் இருபது விதைகள் வரை தனித்தனி அறைகளில் கிடக்கும். குலுக்கினால் சலசலக்கும் காயைப் பறியுங்கள். பச்சைக் காயைப் பறித்து வெயிலில் உலர்த்தினால் கிடைக்கும் விதை சுருங்கிப்போகும்.

கொங்குப் பகுதியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பொங்கலுக்கு முந்தைய காப்புக்கட்டு நாளில் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டுவதற்காகச் சாலையோரச் செடிகளின் பூங்கொத்துகள் பெரும்பாலும் ஒடிக்கப்பட்டுவிடும். ஆகவே மார்கழியிலேயே உள்ளடங்கிய இடத்தில் நிற்கும் புதர்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே புதரிலிருந்து எடுக்காமல், தள்ளித் தள்ளி நிற்கும் பத்துப் பதினைந்து புதர்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நல்லது. எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகளாக இருந்தால் ஒரு நோய் வந்தாலும் எல்லாம் ஒன்றாகப் போகும். அந்தப் புதர்களிலும் காய் மிச்சம் இருக்க வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த காயை உடைத்ததும் விதையை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பக்கவாட்டில் குண்டூசி குத்தியதுபோல் வட்டத் துளை இருந்தால், உள்ளே விதைவண்டு தின்று வெளியேறியிருக்கிறது என்று பொருள். துளையில்லாத விதைகளைத் தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றை நீக்கிவிடுங்கள். மூழ்கியவற்றை உடனே நிழலில் நன்றாக உலர்த்தி, அடுப்புச் சாம்பல் கலந்து கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வையுங்கள். துணிப்பையில் கட்டி வைத்தால், துளை தெரியாமல் உள்ளே இருந்த வண்டுகள் வெளிவந்து எஞ்சியதையும் முடித்துவிடும். நன்றாக உலர்ந்த விதை அடுத்த விதைப்பு வரை மட்டுமல்ல, அதற்கு மேலும் கெடாது.

4. விதையின் தோலைத் திறந்துவிடுங்கள்

பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான். ஆவாரை விதையின் மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது. காட்டில் அது நல்லதே, ஒரே மழையில் எல்லாம் முளைத்து அடுத்த வறட்சியில் எல்லாம் கருகிவிடாமல், ஆண்டுக்குக் கொஞ்சமாக முளைத்துவரும். நமக்கோ ஒரே பருவத்தில் கன்றுகள் வேண்டும். அதற்கு இரண்டு எளிய வழிகள் இருக்கின்றன.

விதை குறைவாக இருந்தால் உப்புத்தாளில் தேய்ப்பதே சிறந்தது. விதையின் ஒரு முனையில் காயோடு ஒட்டியிருந்த சிறு வடு இருக்கும், அதுதான் கண். அந்தக் கண்ணை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத் தோலை மட்டும் நிறம் வெளுக்கும்வரை தேயுங்கள். வெளுத்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் தேய்த்தால் பருப்பு அடிபட்டு அழுகிவிடும். பிறகு சாதாரணத் தண்ணீரில் ஓரிரவு ஊற வைத்தால் விதை உப்பி இரு மடங்காகத் தெரியும்.

விதை நிறைய இருந்தால் வெந்நீர் முறை. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்துச் சில நிமிடங்கள் ஆறவிட்டு, விதையின் அளவைப்போல் ஐந்தாறு மடங்கு நீரை அதன் மேல் ஊற்றி, அப்படியே ஓரிரவு விட்டுவிடுங்கள். அடுப்பில் வைத்து விதையைக் கொதிக்கவிடக் கூடாது, அது வெந்துபோகும். காலையில் உப்பியவற்றைப் பிரித்து உடனே விதையுங்கள். உப்பாதவற்றுக்கு மறுபடி வெந்நீர் ஊற்றுங்கள், அல்லது உப்புத்தாளில் தேயுங்கள். ஊறிய விதையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கக் கூடாது.

அடர் கந்தக அமிலத்தில் நனைக்கும் முறை ஆய்வுக்கூடங்களில் பயன்படுவது. அதை வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். அவரை இனப் பயிர்களின் வேர்முடிச்சில் வாழ்ந்து தழைச்சத்தைச் சேர்க்கும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிரை விதையோடு கலக்கச் சொல்பவர்களும் உண்டு. காய் அவரையின் காயைப்போல் இருப்பதால் வரும் எண்ணம் அது. ஆவாரை வேரில் முடிச்சுகள் உண்டாவதில்லை என்பதால் அந்தப் பொட்டலத்துக்குக் கொடுக்கும் காசு வீண்.

5. நாற்றா, நேரடி விதைப்பா என்று முடிவுசெய்யுங்கள்

ஆணிவேர் வேகமாகக் கீழிறங்கும் செடி இது. வளர்ந்த செடியைப் பிடுங்கி நட்டால் அந்த வேர் அறுந்துபோவதே அது பிழைக்காததற்குக் காரணம். அதனால் என் தேர்வு, முடிந்த இடத்தில் நேரடி விதைப்பே. ஆவணி, புரட்டாசியில் ஒரு மழை பெய்து மண் ஈரமானதும், குழிக்கு மூன்று நான்கு விதைகளாக ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றி, மேலே சருகு போட்டுவிடலாம். தோல் திறந்த விதை ஈரம் இருந்தால் ஒன்று இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். அடுத்த மழை நாட்கணக்கில் தள்ளிப்போனால் முளை காயும். ஆகவே விதையில் பாதியை முதல் மழைக்கும் மீதியை ஐப்பசி மழைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முளைத்தவற்றில் வலுவான ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும், பிடுங்கக் கூடாது.

ஆடு, கோழி நடமாட்டம் உள்ள இடத்துக்கும் பள்ளி வளாகத்துக்கும் நாற்றே பாதுகாப்பு. ஆடியில் பைகளில் விதைத்தால் மழை தொடங்கும்போது நடுவதற்குத் தயாராகிவிடும். அகலத்தைவிட ஆழம் அதிகமான பையாக வாங்குங்கள். ஐந்துக்கு எட்டு அங்குலப் பை பொருத்தமானது. செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணலோ எம்-சாண்டோ ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு என்று கலந்தால் போதும். தென்னைநார்க் கழிவை நிறைத்து வைத்தால் ஈரம் வடியாமல், தண்டின் அடி அழுகும் கழுத்தழுகல் நோய் வரும். தண்ணீர் நாள்தோறும் ஊற்றாமல், மேல்மண் உலர்ந்த பிறகே ஊற்றுங்கள். வெயில் படும் இடத்தில்தான் பை இருக்க வேண்டும், நிழல்வலைக்குள் வளர்ந்த நாற்று வெளியே வந்ததும் துவளும். மூன்று மாதங்களுக்கு மேல் பையில் வைத்திருந்தால் ஆணிவேர் அடியில் சுருண்டுவிடும் என்பதால், நாற்றுப் பண்ணையில் பெரிய கன்றைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். ஒரு சாண் உயரக் கன்றே போதுமானது.

6. நடும் இடமும் குழியும்

முழு வெயில், வடியும் மண் என்ற இரண்டு மட்டுமே நிபந்தனை. செம்மண், சரளை, சுக்கான் கலந்த மண் எல்லாவற்றிலும் வரும். கரிசலிலும் மேட்டுப்பாங்கான இடத்தில் வரும். மழைக்குப் பின் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் வராது. மண் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேறு பயிருக்காகச் செய்கிறீர்கள் என்றால் செய்யுங்கள், ஆவாரைக்கு அது தேவையில்லை.

முழ ஆழக் குழி எடுத்து, எடுத்த மண்ணையே திருப்பி நிரப்புங்கள். எருவைக் குழி நிறையப் போட வேண்டாம். ஊட்டம் மிகுந்தால் செடி இலையும் தண்டுமாகக் கொழுத்துப் பூக்கத் தாமதிக்கும். யூரியாவும் டிஏபியும் தேவையே இல்லை. தனிப் புதராக வளர்க்க ஆறடி இடைவெளி, வேலியாக வளர்க்க மூன்றடி. வரிசையாக ஒரே நேர்க்கோட்டில் நடுவதைவிட ஓரிடத்தில் ஏழெட்டுச் செடிகளைக் கூட்டமாக நடுவது பூச்சிகளை எளிதில் ஈர்க்கும்.

மொட்டை மாடியில் வளர்க்க முடியுமா என்றால், பாதியாக வெட்டிய பெரிய பீப்பாயில் முடியும். தரையில் இடமிருந்தால் தரையிலேயே நடுங்கள்.

7. முதல் கோடையைத் தாண்டவிடுங்கள்

ஐப்பசியில் நட்ட கன்று மார்கழிவரை மழையிலும் பனியிலும் தானே வளர்ந்துவிடும். மாசி முதல் ஆனிவரைதான் கவனம் தேவை. பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை செடிக்கு ஒரு குடம் தண்ணீர் என்ற அளவில் ஆழமாக ஊற்றுங்கள்; நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றினால் வேர் மேல்மண்ணிலேயே படர்ந்து, நீங்கள் ஊருக்குப் போகும் வாரத்தில் செடி காய்ந்துவிடும். சொட்டுநீர்க் குழாய் போடும் அளவுக்கு இதில் வேலையில்லை. வெயில் கடுமையாகி இலையைக் கொஞ்சம் உதிர்த்தால் பதற வேண்டாம். தண்டை நகத்தால் கீறிப் பார்த்து உள்ளே பச்சை இருந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து தண்ணீரை நிறுத்திவிடலாம், நிறுத்தவும் வேண்டும்.

ஆடு மாடுகள் ஆவாரையை விரும்பி மேய்வதில்லை என்றாலும் இளங்கன்றை மிதித்துவிடும். அதற்குக் கம்பி வேலி போட்டுச் செலவழிக்காமல், நான்கு முள் கிளைகளைச் சுற்றி ஊன்றினால் முதலாண்டைத் தாண்டிவிடும்.

8. பூக்கத் தொடங்கியதும் எதைச் செய்யக் கூடாது

சில செடிகள் முதலாண்டின் முடிவிலேயே இரண்டொரு கொத்து வைக்கும். முழுப் பூப்பை இரண்டாம் ஆண்டில் எதிர்பாருங்கள். அப்போது காலை ஏழு மணிக்கு ஒரு பூவின் அருகே நின்று கவனியுங்கள். பூவின் நடுவில் பழுப்பு நிற மகரந்தத் தாள்கள் பத்து இருக்கும். மேலே உள்ள மூன்று மலடு. நடுவில் இருப்பவை குட்டை. கீழே இருப்பவை நீண்டு வளைந்தவை. மற்றப் பூக்களைப்போல் இவற்றின் மகரந்தப்பை வெடித்துத் திறப்பதில்லை, நுனியில் சிறு துளை மட்டுமே இருக்கிறது. கருநிறத் தச்சுத்தேனீ வந்து குட்டைத் தாள்களைக் கால்களால் அணைத்துக்கொண்டு, இறக்கையை மடித்துவிட்டு, மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது வந்த தாழ்ந்த ரீங்காரம் சட்டென்று உச்சத்துக்கு ஏறுவது காதில் கேட்கும். அந்த அதிர்வில் துளை வழியே மகரந்தம் பொடியாகப் பீறிட்டு அதன் வயிற்றில் அப்பும். அதே நேரத்தில் நீண்ட தாள்கள் உதிர்க்கும் பொடி அதன் முதுகுப்புறமோ பக்கவாட்டிலோ ஒட்டிக்கொண்டு அடுத்த பூவின் சூலகமுடிக்குப் போகும். வயிற்றில் இருப்பது அதன் குஞ்சுகளுக்கு உணவு, முதுகில் இருப்பது செடிக்கு. அடிவயிற்றில் நீலப் பட்டைகள் கொண்ட சிறு தேனீயும் இதே வேலையைச் செய்யும். நாம் தேனுக்காக வளர்க்கும் அடுக்குத் தேனீக்கு இப்படி அதிரவைக்கத் தெரியாது. அது உதிர்ந்து கிடக்கும் பொடியைப் பொறுக்க வரும். கத்தரிக்கும் தக்காளிக்கும் இதே துளைவழி மகரந்தம்தான். ஆகவே காய்கறித் தோட்டத்தின் ஓரத்தில் நாலு ஆவாரை நிற்பது, அந்தத் தேனீக்களைத் தோட்டத்தின் பக்கமே தங்கவைக்கும்.

சமையலுக்கோ தேநீருக்கோ பூப் பறிக்கிறவர்கள் விடியற்காலையில் பறிக்காமல், தேனீக்கள் வந்துபோன பிறகு முற்பகல் கழித்துப் பறியுங்கள். ஒரு செடியில் பாதிக்கு மேல் பறிக்காதீர்கள்.

அடுத்தது புழு. வெளிர்பச்சை கலந்த வெள்ளை நிறத்தில் வேகமாகப் பறக்கும் பட்டாம்பூச்சியும் மஞ்சள் நிறச் சிறு பட்டாம்பூச்சியும் ஆவாரைத் தளிரில் முட்டையிடும். வெண்ணிறத்தில் நெல்லுமுனைபோல் நிமிர்ந்து நிற்கும் அந்த முட்டையிலிருந்து வரும் பச்சைப் புழு, இலையின் நடு நரம்போடு ஒட்டிப் படுத்துக்கொண்டு தின்னும். கிளை கிளையாக மொட்டையாவதைப் பார்த்ததும் கை தானாக மருந்துத் தெளிப்பானைத் தேடும். தெளிக்காதீர்கள். இயற்கை வழி என்று சொல்லப்படும் வேப்பெண்ணெய்க் கரைசலும் இந்தப் புழுக்களைக் கொல்லும். வேரூன்றிய செடி சில வாரங்களில் மீண்டும் தழைத்துவிடும். முதலாண்டுக் கன்றாக இருந்து ஒன்றில் பல புழுக்கள் இருந்தால், இலையோடு கிள்ளி எடுத்துப் பக்கத்துப் பெரிய செடிக்கு மாற்றுங்கள். மாவுப்பூச்சி வந்தால் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்தால் போதும்.

எறும்புகளைக் கண்டும் மருந்துப் பொடி தூவ வேண்டாம். முதலில் சொன்ன இலைச் சுரப்பிகளில் கசியும் இனிப்புக்காகத்தான் அவை வருகின்றன. வருகிறவை இலை தின்னும் சில பூச்சிகளை விரட்டவும் செய்கின்றன.

9. தேனுக்கும் கூட்டுக்கும் வழி செய்யுங்கள்

ஆவாரை மட்டும் நிற்கும் இடத்தில் தேனீக்களுக்கு மகரந்தம் கிடைக்கும், பறப்பதற்கான தேன் கிடைக்காது. தும்பை, துத்தி, கொழிஞ்சி, கிலுகிலுப்பை, நொச்சி ஆகியவற்றில் உங்கள் மண்ணில் தாமாக வருபவற்றைக் களை என்று பிடுங்காமல் ஊடே விட்டுவிடுங்கள். தச்சுத்தேனீக்கு எருக்கம்பூவின் தேன் மிகவும் பிடிக்கும். நிலத்து மூலையில் ஓர் எருக்கு நிற்கட்டும்.

கூட்டுக்கு, காய்ந்த மூங்கில் துண்டுகளையோ பட்டுப்போன முருங்கைக் கட்டையையோ மழை படாத ஓரத்தில் கட்டி வைக்கலாம். வைக்காவிட்டால் தச்சுத்தேனீக்கள் உங்கள் பந்தல் காலையும் ஓட்டுவீட்டுக் கைமரத்தையும் துளைக்கத் தொடங்கும், பிறகு நீங்களே அவற்றை எதிரியாகப் பார்ப்பீர்கள். முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவது பெரும்பாலும் ஆண் தேனீ. அதற்குக் கொடுக்கு கிடையாது. நீலப் பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டுவதால், செடிகளைச் சுற்றி எல்லாத் தரையையும் சருகால் மூடாமல் கொஞ்சம் வெறும் மண்ணும் விட்டு வையுங்கள்.

10. செலவுக் கணக்கு

நூறு செடிகளுக்கு என்று வைத்துக்கொண்டால், விதை நீங்களே சேகரித்தால் செலவில்லை. இணையத்தில் விற்கும் சிறு பொட்டலங்கள் நான் விசாரித்தபோது 50 முதல் 150 ரூபாய் வரை இருந்தன. பல பொட்டலங்களில் எந்த ஆண்டு எடுத்த விதை, எந்த ஊர் விதை என்று எழுதியிருக்கவில்லை, அப்படிப்பட்டதை வாங்க வேண்டாம். நூறு நாற்றுப் பைகள் 200 ரூபாய்க்குள் முடியும். மண்ணும் எருவும் கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கில் வராது. நகரத்தில் இருப்பவர்கள் மூட்டைக்கணக்கில் வாங்கினால் அதுவே விதையையும் பையையும்விட அதிகமாகும். ஆவாரைக் கன்று கிடைக்கும் நாற்றுப் பண்ணைகளில் ஒன்றுக்கு 25 முதல் 60 ரூபாய் வரை கேட்டார்கள். வனத்துறை நாற்றங்கால்களில் மரக்கன்றுகளே பெரும்பாலும் வளர்க்கப்படுவதால் அங்கே ஆவாரை இருக்கும் என்று நம்பிப் போகாமல், முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். மரக்கன்று வாங்கும் எண்ணமும் இருந்தால் ஆதார் நகலையும் நிலச் சிட்டாவையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

பெரிய செலவு குழிக்கூலிதான். ஆள்கூலி ஊருக்கு ஊர் மாறும். நான் விசாரித்தபோது நாளுக்கு 700 முதல் 1,000 ரூபாய் வரை கேட்டார்கள். காய்ந்த சுக்கான் தரையில் ஓர் ஆள் ஒரு நாளில் எடுக்கும் குழிகளைவிட, நல்ல மழைக்கு மறுநாள் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடுத்துவிடுவார் என்பதால், குழி வேலையை மழைக்கு முன்பே முடித்துவிடும் ஆர்வத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். நேரடி விதைப்பில் இந்தச் செலவும் இல்லை.

11. கவாத்தும் அடுத்த ஆண்டு விதையும்

மூன்றாம் ஆண்டிலிருந்து செடி உயர்ந்து அடியில் வெறுமையாகத் தொடங்கும். காய்கள் உதிர்ந்த பிறகு, வைகாசிக்கும் ஆனிக்கும் இடையில், முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் அடியிலிருந்து பல கிளைகள் வெடித்துப் புதராகும். எல்லாச் செடிகளையும் ஒரே ஆண்டில் வெட்டாமல் மூன்றில் ஒரு பங்காக வெட்டுங்கள். வெட்டாத செடிகளில் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் பிழைத்துக்கொள்ளும். ஆவணிக்குப் பிறகு வெட்டினால் அந்த ஆண்டுப் பூப்பு குறைந்துவிடும். வெட்டிய தண்டுகளை எரிக்காமல் ஓரமாகக் குவித்து வையுங்கள்.

உங்கள் செடியிலிருந்து முதல் முறை விதை எடுக்கும்போது, புட்டியின் மேல் ஊர்ப் பெயர், மண்ணின் வகை, எடுத்த மாதமும் ஆண்டும் எழுதி ஒட்டுங்கள். விதை கேட்டு வருகிறவர்களுக்கு வெறும் விதையை மட்டும் கொடுத்தனுப்பினால் அவர்கள் அப்படியே தூவிவிட்டு முளைக்கவில்லை என்பார்கள். பொட்டலத்தோடு ஒரு துண்டு உப்புத்தாளையும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள்.